கோல்கீப்பர் மட்டும் பாக்கி

எங்கள் கோல்கீப்பருக்குக் கை மட்டும்தான் இருக்கிறது, அவர்கள் ஆளுக்குக் கண்ணும் இருக்கிறது.

நினைத்ததோடு சரி. போனில் அவள் சொன்னது வேறு.

"போங்க தம்பி, உங்க ஆளு பந்தைப் பிடிக்கிறதைவிட தலைமுடியைச் சரி பண்றதுதான் அதிகம்."

மறுமுனையில் கொழுந்தன் சிரித்தான். "நேத்து உங்க ஆளு விட்ட கோலை எங்க வீட்டுப் பூனை பிடிச்சிருக்கும் அண்ணி."

அண்ணனும் தம்பியும் பிறந்த ஊரில் இரண்டு கால்பந்து கிளப். நீலம், சிவப்பு. அவள் கணவர் நீலம். அவரோடு முறுக்கிக்கொள்வதற்கென்றே தம்பி சிவப்பு.

ஞாயிறு மதியம் அண்ணனுக்குத் தம்பியின் போன் வரும். ஆளுக்கு ஆள் நிறுத்தி எடை போடுவார்கள். ஓர் இடத்தில் எதிராளி உசத்தி என்று ஒருவர் ஒத்துக்கொண்டுவிட்டால் அதைப் பற்றி மறுபடி வாயைத் திறக்கக் கூடாது. அது அவர்கள் போட்டுக்கொண்ட விதி.

முன்னால் நின்று கோல் போடுகிறவன் நீலத்தில்தான் உசத்தி என்று தம்பி விட்டுக்கொடுத்தான். நடுக்களத்தில் சிவப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அண்ணன் இறங்கிவந்தார். தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பக்கமும் மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று ஏகமனதாக முடிந்தது.

கோல்கீப்பர் மட்டும் பாக்கி.

அந்த வழக்கு தீர்வதற்குள் கணவர் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு ஒரு ஞாயிறு, பழக்க தோஷத்தில் தம்பி அண்ணன் எண்ணை அழுத்திவிட்டான். "அண்ணா, நேத்து பாத்தியா" என்று ஆரம்பித்தவன், அவள் குரலைக் கேட்டதும், "ஐயோ, அண்ணி" என்றான். வைத்துவிடப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பாத்தேன் தம்பி. எங்க ஆளுதான் உசத்தி" என்றாள்.

அதுவரை அவள் ஒரு மேட்ச்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

இப்போது ஒன்றுவிடாமல் பார்க்கிறாள்.

கண்ணாடிக்கடையில் பார்வை சோதிப்பது அவள் வேலை. நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றி, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்கிறாள். பதிலும் வருகிறது. அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

நடுவில் ஒருமுறை பந்தை விட்டுவிட்டு வேறு பேசிப் பார்த்தார்கள். சாப்பிட்டீங்களா? சாப்பிட்டேன். உடம்பு? பரவாயில்லை. அதோடு போனை வைத்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் சிவப்பின் கோல்கீப்பர் ஒரு பெனால்டியைத் தடுத்தான். அந்தப் புண்ணியத்தில் மறுபடி வந்தது.

இன்று தம்பி சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணி, மறைக்காம சொல்லுங்க. அண்ணன் ஒரு தடவையாவது, உங்ககிட்டயாவது, எங்க கீப்பர்தான் மேல்னு சொன்னாரா?"

சின்ன வயதிலிருந்தே அண்ணனிடம் ஒரு முறை, ஒரே ஒரு முறை, 'நீ சொன்னதுதான் சரி' என்று கேட்டுவிட ஏங்கியவனின் குரல்.

மருத்துவமனைக் கட்டிலில் கடைசி வாரம். டிவியில் சிவப்புக்காரன் ஒரு பந்தை விரல் நுனியால் தட்டிவிட்டதைப் பார்த்துக் கணவர் சிரித்தார். மூச்சு வாங்கியது. "பய சொன்னதுதான் சரி. நானே ஒத்துக்கிட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடு" என்றார்.

சொல்கிறேன் என்று அவள் தலையாட்டியிருந்தாள்.

சொன்னால் அந்த இடமும் முடிந்துவிடும். பிறகு எதைச் சாக்கிட்டு அழைப்பான்?

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்க அண்ணனாவது, ஒத்துக்கிறதாவது" என்றாள். "நானும் ஒத்துக்க மாட்டேன் தம்பி. அடுத்த மேட்ச் முடியட்டும், பேசிக்கலாம்."