செவ்வாய்க் கணக்கில் முப்பது

செவ்வாயில் ஓர் ஆண்டு என்பது பூமியின் இரண்டு ஆண்டுகளுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இதில் மயங்கித்தான் தண்ணீர் ஆலை ஃபிட்டர் பேச்சிமுத்து, நாற்பதாவது வயதில் பெண் பார்க்கப் போகுமுன், பதிவேட்டில் தன் வயதைச் செவ்வாய்க் கணக்குக்கு மாற்றி இருபத்தொன்று ஆனார். ஒருமுறை மாற்றினால் மாற்றியதுதான். “இருபத்தொண்ணுக்கு வழுக்கை கொஞ்சம் ஜாஸ்தி” என்று சொல்லியே செண்பகம் அவரைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் நாற்பதுதான்; ஆனால் பூமிக் கணக்கிலேயே இருந்துவிட்டாள்.

செவ்வாயில் குளிக்குமளவு தண்ணீர் யாருக்கும் கிடையாது; பதினெட்டு பூமி வருஷம் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தே காலம் தள்ளியாயிற்று. ஐம்பத்தெட்டில் ஓய்வு, ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் ஊர் திரும்பும் கப்பலில் இடம். குற்றால அருவியில் தலை நனையக் குளிக்க இருவரும் பெட்டி கட்டினார்கள்.

ஆலை அதிகாரி பேச்சிமுத்துவின் தோளில் தட்டினார். “உங்களுக்கு முப்பதுதான் ஆவுது. இன்னும் இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ் இருக்கே.”

அதுவும் செவ்வாய் வருஷம்.

“நீ போ, செண்பகம். எனக்கும் சேத்து அருவியில நில்லு” என்றார் வீட்டுக்கு வந்து.

அவள் உடனே வெளியே போனாள். சாயங்காலம் பதிவு அலுவலகத் தாளோடு திரும்பினாள்.

“எனக்கும் முப்பதுதான். ஒத்த வயசுக்காரன இனிமே வாங்க போங்கன்னு கூப்பிட முடியாது. திரும்பு, முதுகத் தொடச்சு விடுதேன்.”