டப்பாவில் வந்த மஞ்சள்

“அக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதீங்கள்லா? அதுபோக வேற என்ன சாப்பிடுதீங்க?”

நோயாளிகளிடம் ரெக்சன் தினமும் கேட்பதுதான். ஆறு மணிக்கு எழுவான். பால் வாங்குவான். ஒரு தம்ளர் காப்பி போட்டுக் குடிப்பான். ஏழரைக்கு இருதய டாக்டரின் அறை வாசலுக்கு வந்துவிடுவான்.

“வேற ஒண்ணும் இல்ல தம்பி,” என்றாள் விஜிலா. போன வருடம் இதயத்தில் வால்வு மாற்றியவள். கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

“மஞ்சள் மாத்திரை?”

“அது மருந்தா? மூட்டு வலிக்குக் கேக்கும்னு என் தம்பி ஸ்டெபின் கப்பல்ல இருந்து வரும்போது கொண்டாந்தான்.” பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினாள். “வெளிநாட்டுச் சாமான்.”

“டாக்டர்ட்ட சொன்னீங்களா?”

“மீன் குழம்புல மஞ்சள் போடுததயுமா அவர்ட்ட சொல்லணும்? நல்லா கேக்க போ.”

“குழம்புல போடுதது சிட்டிகை. அத தாராளமாப் போடுங்க. இது மஞ்சளோட சத்த மட்டும் பிரிச்சு எடுத்தது. உடம்புல ஏறணும்னு மிளகுச் சத்தும் சேத்திருக்கான். உங்க மாத்திரையோட சேந்தா ரத்தம் அளவுக்கு மேல உறையாமப் போயிரும். உள்ள எங்கயாவது கசிஞ்சா நிக்காது.”

“பயங்காட்டாத தம்பி. அவன் ஆசையா வாங்கிட்டு வந்தது. வேண்டாம்னா முகம் தொங்கிப்போகும்.”

“தொங்கட்டும். நீங்க இருக்கணும்.”

அவள் டப்பாவைப் பைக்குள் திணித்தாள். உள்ளே கூப்பிட்டார்கள். ரெக்சன் கதவு வரை கூடவே போனான்.

“டாக்டர் மேசையில வைங்க. அவரு சாப்பிடலாம்னு சொன்னா, நான் உங்க கண்ணுலயே பட மாட்டேன்.”

பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

“வாங்கி வச்சிட்டாரு. ரத்தச் சீட்டுல உள்ள அளவு ஏற்கெனவே ரொம்பத் தாண்டிருச்சாம். இன்னும் ஒரு வாரம் போயிருந்தா என்ன ஆயிருக்குமோங்காரு.” பெஞ்சில் உட்கார்ந்தாள். “நீ இங்கன நர்ஸா தம்பி?”

“இல்லக்கா. நானும் கப்பல்காரன்தான்.”

“அப்ப உன் வீட்ல யாருக்கு வால்வு?”

“என் பெஞ்சாதி ஜெமிமாவுக்கு.”

“அவளாவது சொன்ன பேச்சு கேக்காளா?”

“கேட்டா,” என்றான் ரெக்சன். பிறகு, ஜெமிமா சாவதற்கு முன் கடைசியாகப் போனில் சொன்னதை அப்படியே சொன்னான்: “‘நீங்க வாங்கித் தந்த மஞ்சள் மாத்திரைய ஒருநாள்கூட விடல.’”