துண்டு முடிச்சு

பாலக்கரை மைதானத்தில் வெயில் சாய்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்களையே கூடைப்பக்கம் அண்டவிடாமல் மறித்து ஆடிய மீரான், இப்போது பாஸ்கெட்பால் பயிற்சியாளர். தர்மராஜ், காஜா மைதீன் இருவரில் ஒருவருக்குத்தான் அணியில் இடம். கையை நீட்டாமல் காலை நகர்த்தியே மறிக்கப் பழகட்டும் என்று தர்மராஜின் கைகளைத் துண்டால் பின்னே கட்டியிருக்கிறார். பந்தோடு பாயும் காஜாவை மறிக்கப்போய் தர்மராஜ் சரளையில் குப்புற விழுகிறான். கூடைக்கு வழி திறந்து கிடக்கிறது. காஜாவோ பந்தை வைத்துவிட்டு அவன் வாய் ரத்தத்தைத் துடைக்கிறான். “நர்ஸம்மாவாடா நீ? நான் விழுந்தப்ப எவன் தூக்கினான்?” என்று கத்திய மீரான், கோணல் விரல்களால் துண்டை அவிழ்த்து, காஜாவின் கைகளை இறுக்கிக் கட்டுகிறார். “இப்ப நீ மறி.” தர்மராஜ் பந்தோடு மெல்ல வருகிறான், காஜா விழாத வேகத்தில். “ரெண்டு பேருமே வேணாம், போங்கடா!” உதட்டில் ரத்தம் வழிய, தர்மராஜ் காஜாவின் முடிச்சை அவிழ்க்கிறான். அது சீக்கிரம் அவிழ்வதாயில்லை. மீரான் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.