இடுப்பு பொய் சொல்லாது

அமெரிக்கக் கால்பந்தில், பந்தோடு ஓடிவருபவனை மடக்கிச் சாய்ப்பதுதான் சேந்தனின் வேலையாக இருந்தது. வருபவனின் கண் ஏமாற்றும், தோளும் ஏமாற்றும். ஆனால் உடல் எந்தப் பக்கம் திரும்பினாலும் முதலில் இடுப்புதான் திரும்பியாக வேண்டும். சேந்தன் அதை மட்டுமே பார்ப்பார். அப்படியே பேர் வாங்கி, கடைசியில் வலது முட்டியைப் பறிகொடுத்து ஓய்வுபெற்றார்.

முட்டி போன பிறகுதான் அவர் ஆடிய கிளப், அவர் உடல் கற்ற வித்தையைக் கருவி வைத்து நகலெடுத்தது. அதைத்தான் இப்போது இளம் ஆட்டக்காரர்களின் உடம்பில் ஏற்றுகிறார்கள். வித்தை மட்டும்தான் போகும், வலி போகாது என்று உறுதி சொல்லியிருந்தார்கள். இன்று காலை அதை ஏற்றிக்கொண்டவன் அவருடைய மகன் நன்மாறன்.

ஹூஸ்டன் வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போதே கத்தினான்.

"அப்பா, இனிமே எவனும் என்னைத் தாண்டிப் போக முடியாது!"

"போச்சு, இன்னொரு முரடனா? வீடு தாங்காது," என்று சிரித்தாள் சேந்தனின் மனைவி பூங்கொடி.

மகன் படியேறினான். சேந்தன் பழக்கத்தில் அவன் இடுப்பைப் பார்த்தார். ஒவ்வொரு படிக்கும் அது முதலில் இடப்பக்கம் சாய்ந்தது. வலது முட்டியில் பாரம் விழாமல் காக்கும், சேந்தனுடைய அதே சாய்வு. மகனுடையதோ அடியே படாத முட்டி.

"கால் வலிக்குதாடா?"

"இல்லையேப்பா. ஏன்?"

சேந்தன் கண்ணை மூடித் திறந்தார்.

"ஒண்ணுமில்ல. கைப்பிடியப் புடிச்சிட்டு ஏறு."