ஐடாவின் விரல்

மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டில் இளவெயில் ஏறுகிறது. ஜெயகரன் வீட்டு வாசலில் பாத்திர மூட்டை தயார். நேற்று இந்தச் சரிவில் சைக்கிள் ஓட்டியபோது ஹேண்டில்பார் டக்டக்கென்று கையை உதைத்ததிலிருந்து, "பழைய சுரங்க ஷாப்ட் உள்ள சரியுது ஐடா, வீட்ட காலி பண்ணிடலாம்" என்று அவருக்கு ஒரே பிடிவாதம். சுரங்கக்காரர் வீட்டில் பிறந்தவருக்கு எந்த அதிர்வும் பூமிக்கடியிலிருந்துதான் வரும். மனைவி ஐடா சைக்கிளின் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறாள். ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்து இணைப்பில் ஒரு விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வண்டியை முன்னும் பின்னும் அசைக்கிறாள். எத்தனை நிதானம் அந்த விரலுக்கு! "இங்க கை வைங்க." வைக்கிறார், டக். "பூமி இல்லீங்க, கழுத்து பேரிங் கப்பு லூசா கீது." ஸ்பேனரால் இறுக்கிவிட்டு மறுபடி அசைக்கிறாள், சத்தமே இல்லை. கிரீஸ் படிந்த அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்ற ஜெயகரன், மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போகிறார்.