நின்ற ஊதா

"ஏட்டி, சத்தங்காட்டாம வா. உள்ள பரிச்ச நடக்கு."

ராமசுப்பு தன் மனைவி ஆவுடைத்தாயை இழுத்துக்கொண்டு கல்லூரி ஆய்வுக்கூடத்தின் ஜன்னலோரம் ஒதுங்கினார். கழுகுமலை வட்டாரத்தில் சைக்கிளில் சேலை மூட்டை கட்டி விற்று மகளை எம்.பில். வரை படிக்க வைத்தவர். சாயம் போகாது என்று சொல்லித்தான் ஒவ்வொரு சேலையையும் விற்பார்.

கரிசல் ஓடைக்கரையில் ஆடுகூட மேயாத ஆவாரஞ்செடியின் பூவுக்கு அபார சக்தி இருப்பதாக மகள் முத்துசெல்வி ஆய்வு எழுதியிருந்தாள். வெளியூர்த் தேர்வாளர் நம்பவில்லை. என் கண் முன்னால் மறுபடி செய்து காட்டு, வராவிட்டால் உன் ஆய்வே பொய் என்று எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

முத்துசெல்வி வரிசையாகக் கண்ணாடிக் குழாய்களில் ஊதாத் திரவம் ஊற்றினாள். ராமசுப்புவின் மூட்டையில் முதலில் விற்றுத் தீர்கிற நிறம் அது. பூச்சாறும் இலைச்சாறுமாகச் சொட்டு விட்டு, குழாய்களை இருட்டு அலமாரிக்குள் வைத்து மூடினாள்.

"எதுக்கு இருட்டுல வைக்கா?" என்றாள் ஆவுடைத்தாய்.

"வெளிச்சம் பட்டா சாயம் வெளுத்துரும்லா. நானும் சேலையை நெழல்லதான காயப்போடச் சொல்லுதேன்."

அரை மணி கழித்து அலமாரி திறந்தது. ராமசுப்பு ஜன்னலோடு ஒட்டி எட்டிப் பார்த்தார். ஊதாவைக் காணோம். வரிசையாக வெளிறிய மஞ்சள்.

"போச்சு. ஒரு தண்ணிக்குக்கூடத் தாங்கலயே."

"அவ மொகத்தைப் பாரும். சிரிக்கால்லா."

"பயத்துல சிரிக்கா. வெளுத்த சேலையை மூஞ்சில எறிஞ்சா நானும் அப்படித்தான் சிரிப்பேன்."

கடைசிக் குழாய் மட்டும் கொஞ்சமும் மாறாமல் ஊதாவாகவே இருந்தது. கழுகாசலமூர்த்தி, அந்த ஒண்ணையாவது காப்பாத்து என்று கையெடுத்துக் கும்பிட்டார். அது மாறவே இல்லை.

தேர்வாளர் குழாய்களை ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்து அளந்தார். சந்தேகம் தீராமல் மறுபடியும் அளந்தார். பிறகு முத்துசெல்வியோடு வெளியே வந்து ராமசுப்புவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க பொண்ணு எழுதினதுல ஒரு வரிகூடப் பொய் இல்லைங்க. வைட்டமின் சி-க்குச் சமமா வேலை செய்யுது உங்க ஊர்ப் பூ. பட்டம் உறுதி."

ராமசுப்புவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் ஜெயித்துவிட்டாள்.

"எல்லாம் அந்த ஒரு குழாய் புண்ணியம் சார். மத்ததெல்லாம் வெளுத்து மானத்தை வாங்கிட்டு. அதுதான் எம் மவளைக் காப்பாத்துச்சு. அதுல அப்படி என்ன தாயி போட்ட?"

முத்துசெல்வி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒடம்பை உள்ளுக்குள்ள கெடுக்குத சங்கதி மாதிரி ஒண்ணுதான் யப்பா அந்த ஊதா. நம்ம பூவு அதை அடக்குனதாலதான் மஞ்சளாச்சு. ஒத்துப் பாக்கதுக்காக, நீங்க கும்பிட்ட குழாய்ல மட்டுந்தான் நான் ஒண்ணுமே போடல."