கேட்டவர் யார்

மாவட்ட இலக்கியத் திருவிழாவில் மலக்குழி மரணங்கள் பற்றிய அமர்வு முடிந்து, கேள்வி நேரம் வந்தது. மூன்றாம் வரிசையிலிருந்து மரகதம் எழுந்தாள். அவள் கணவன் துரைக்கண்ணு குழிக்குள் மூச்சடைத்துச் செத்ததைத்தான் மேடையிலிருந்த எழுத்தாளர் நாவலாக எழுதியிருந்தார். மகள் அதை அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தாள்.

“உசுரு போறப்ப பொண்டாட்டி பேரச் சொல்லிக் கூப்புட்டாருன்னு எழுதியிருக்கீங்க. அதக் காதால கேட்டது யாருங்கய்யா? அவங்கள ஒருதடவ பாக்கணும்.”

எழுத்தாளர் தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்தி வைத்தார். “யாரும் கேக்கலம்மா. அது நானா எழுதினது.”

மரகதம் உட்காரவில்லை.

“அப்ப ஒண்ணுமே சொல்லாமதான் போனாராய்யா?”

மைக்கை வாங்க வந்த பெண் கையை நீட்டாமல் பக்கத்திலேயே நின்றாள்.